ஆறு அசைகளில் ஒரு குற்றச்சாட்டு

கண்டி நீதிமன்றத்தில் நான் அப்போது தற்காலிக மொழிபெயர்ப்பாளன். யாழ்ப்பாணத்தில் படித்த இங்கிலீஷை நம்பி மலையேறி வந்தவன். உச்சரிப்புப் பிழைத்தால் நீதவானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கு முன்பிருந்தவர் அதனாலேயே வீட்டுக்குப் போனார். வேலை நிரந்தரமாக வேண்டுமே என்று, வழக்குத் தாள்களை முதல் நாளே வாங்கிப் பெரிய சொற்களை உடைத்துப் பழகுவேன்.

அந்த வாரத்துச் சொல் 'இன்சபோடினேஷன்'. இன், ச, போ, டி, நே, ஷன். ஆறு அசை, அழுத்தம் ஐந்தாவதில். கோப்பி மூட்டை வண்டிகள் நெரியும் தெருவில் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே நடந்தேன். வண்டிக்காரர்கள் ஏதோ மந்திரம் என்று வழிவிட்டார்கள். பொருளையும் உடைத்தேன். 'இன்' என்றால் இல்லை, 'சப்' என்றால் கீழ், நடுவில் ஒழுங்கு, கடைசியில் வெறும் வால். எல்லாவற்றையும் ஒட்டி 'கீழமை ஒழுங்கின்மை' என்று தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். சொல் கேளாமை என்று எழுதியிருக்கலாம். அது படித்தவன் எழுதியது போல இல்லை.

வழக்கு, மடுல்கெல்லக் கோப்பித் தோட்டத்து ஆள் ஒருவன்மேல். மனைவி காய்ச்சலில் கிடந்ததால், தோட்டத் துரை வேலைக்குப் போகச் சொல்லியும் அவன் லயத்து வீட்டைவிட்டு நகரவில்லை. காலையில் நீதிமன்ற விறாந்தையில் அவனே என்னிடம் இதைச் சொல்லியிருந்தான்.

வழக்கு எடுக்கப்பட்டதும் அந்தச் சொல்லை அசை பிசகாமல் சொன்னேன். நீதவான் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். அதே சூட்டோடு அவன் பக்கம் திரும்பினேன்.

"கீழமை ஒழுங்கின்மைக் குற்றம் உம்மீது சாட்டப்பட்டுள்ளது. ஏற்கிறீரா?"

"சரிங்க தொரை" என்று கும்பிட்டான்.

தோட்டத்தில் மேலே இருப்பவர் எது சொன்னாலும் பதில் அதுதான். காதில் விழுந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். நிறுத்தி விளக்கினால் நீதவானின் முகம் மாறிவிடுமே என்று பயந்தேன். அந்தத் தலையசைப்பில் மயங்கியும் இருந்தேன். ஒப்புக்கொள்கிறான் என்று இங்கிலீஷில் சொன்னேன். ஒரு மாதச் சிறை. என் வேலை நிரந்தரம் என்று நீதவான் மத்தியானமே சொல்லிவிட்டார்.

வெளியே வந்தபோது அவன் மனைவி சன்னலோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல் இன்னும் முழுதாக விடவில்லை. உள்ளே நடந்ததையெல்லாம் அங்கிருந்தே கேட்டிருக்கிறாள்.

"அவரு மேல என்ன குத்தமுங்க ஐயா?"

"துரை சொன்ன சொல்லுக் கேக்கேல்லையாம்." இப்போது எளிதாக வந்துவிட்டது.

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள்.

"நீங்க கேட்டதுக்குக்கூட சரின்னுதானுங்களே சொன்னாரு?"