ரேடியோ வாய் திறக்காத வீடு

டிப்போவில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வைத்துவிட்டார்கள். விசில் ஊதிய நேரத்தைவிட அவர் வாய் ஓடிய நேரம்தான் அதிகம். தூங்கி வழிகிறவரை, “ஐயா, உங்க ஸ்டாப் வந்து உங்களைத் தேடிட்டுப் போயிடுச்சு” என்று எழுப்புவார். ஏறும்போதே சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டிக்குப் பக்கத்துப் பக்கத்து சீட்டைக் காட்டி, “இறங்கறதுக்குள்ள முடிச்சுக்கணும், இது கடைசி டிரிப்” என்பார். கூட்டத்தில் கசங்கிப் போனவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் ஊமை. யாரும் அவர் வாயைக் கட்டவில்லை, தானே கட்டிக்கொண்டார்.

ஒரே மகள். மூன்றரை வயதில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கேட்டுப் போனார்கள். தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: “வீட்ல இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும். வரலைன்னா குழந்தை முன்னாடி பேசாம இருந்துடுங்க. அரைகுறையா எதுவும் காதுல விழக் கூடாது.”

மனைவி கல்லூரிவரை படித்தவள், சமாளித்தாள். அவருக்கோ டிக்கெட்டில் அச்சடித்திருந்ததைத் தாண்டி ஓர் எழுத்து வராது. ஒருமுறை வெளிநாட்டுப் பயணி ஒருவர் ஏதோ கேட்க, பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கத் திருதிருவென்று விழித்தவர் அவர். வேலைக்கான இன்டர்வியூ, மருந்துப் பெட்டி, கம்ப்யூட்டர் எல்லாமே அந்த ஒரு மொழியில் ஓடுகிற உலகத்தில் மகளும் அப்படி விழிக்கக் கூடாது. சரி, ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவருக்கு அன்று அதைவிடப் பெரிய பாசம் தெரியவில்லை.

ஒரு வருடம் இரண்டானது. மகள் ஏதாவது காட்டினால் தலையாட்டுவார், மிஞ்சிப்போனால் “உம்” என்பார். மனைவியிடம் சொல்ல வேண்டியதை மகள் பள்ளிக்குப் போனபிறகு சொல்வார்.

“பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா நாக்கு தேஞ்சா போயிடும்?” என்று மனைவி கேட்டுப் பார்த்தாள்.

“என்னை மாதிரி ஆயிட்டான்னா? அப்ப நீதான் அழுவே.”

ஆறு வயதில் ஒருநாள் மகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, ரத்தம் வழிய நேராக அவரிடம்தான் ஓடிவந்தாள். ‘ஒண்ணுமில்லடா கண்ணு, அப்பா இருக்கேன்ல’ என்பது நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டு, காயத்தை ஊதிவிட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அடிபட்டால் அம்மாவிடம் ஓடினாள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அன்று சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

பத்து வயதில் அவள் ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டினாள். இனி பேசலாம்தான். ஆனால் அத்தனை வருடம் பேசாதவர் எதைச் சொல்லி ஆரம்பிப்பார்? வெட்கமாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் மகள் படித்து முடித்து வேலைக்காக வெளிநாட்டுக்கே போய்விட்டாள். போன் வந்தால் “இரு, அம்மாகிட்ட தரேன்” என்பதோடு சரி.

அவர் ஓய்வு பெற்ற நாளில் மகள் விடுப்பில் வந்திருந்தாள். டிப்போவில் சின்னக் கூட்டம் போட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் ரேடியோ தன்னை மறந்தார். கால் மணி நேரம் பேசினார். பிரேக் பிடிக்காத பஸ்ஸைப் பற்றி, தன்னைவிட வேகமாகத் தூங்குகிற டிரைவரைப் பற்றி, டிக்கெட் பரிசோதகரிடமே டிக்கெட் கேட்டு மாட்டிக்கொண்டதைப் பற்றி. டிரைவர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கடைசி வரிசையில் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

எல்லோரும் போனபிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க இவ்வளவு பேசுவீங்களாப்பா?”

அவர் கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன். பையன் வேணும்னு இருந்திருப்பீங்க, நான் பொறந்துட்டேன்னு. நல்ல மார்க் எடுத்தா பேசுவீங்கன்னு பார்த்தேன். வேலை கிடைச்சா பேசுவீங்கன்னு பார்த்தேன். அப்புறம் விட்டுட்டேன்.”

“ஐயோ, இல்லம்மா.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “ஸ்கூல்ல சொன்னாங்க. நான் பேசினா உன் இங்கிலீஷ் கெட்டுடும்னு... அதுக்குத்தாம்மா. வேற ஒண்ணுமே இல்ல.”

மகள் அவர் கைமேல் கையை வைத்து, “இங்கிலீஷ் நல்லா வந்துடுச்சுப்பா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.