கரண்டு போன இடத்தில் வளைந்த கோடு

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் டேப்லெட்டில் சூடு அளக்கும் ஒரு வயரைச் செருகி, மறுமுனையைச் சுடுதண்ணீர் டம்ளருக்குள் விட்டாள். தண்ணீர் ஆற ஆறத் திரையில் ஒரு கோடு தானாகவே இறங்கியது. "அம்புட்டுத்தான் அத்தே, ஹோம்வொர்க் முடிஞ்சது" என்று அவள் எழுந்து போய்விட்டாள். எனக்கு எங்கிருந்தோ ஊதுபத்தி வாசனை அடித்தது.

திண்டுக்கல்லில் நான் அறிவியல் டீச்சராகச் சேர்ந்த பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்கு அந்த வாசனைதான். சிஸ்டர்கள் நடத்திய பள்ளி அது. பங்குச் சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே யாரோ மானிட்டர் ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவோம். எனக்கே எக்ஸெல் பாதிதான் தெரியும். மீதியை முகபாவத்தில் சமாளிப்பேன்.

இருந்த ஒரே கம்ப்யூட்டரையும் கேள்வித்தாள் அடிக்க ஆபீசுக்குத் தூக்கிவிடலாம் என்று தலைமைச் சிஸ்டர் முடிவு செய்தார். கெஞ்சிப் பார்த்தேன். இதை வைத்து அறிவியலில் என்னதான் செய்கிறீர்கள் என்று வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மேசை மேசையாகப் பிரித்து, சுடுதண்ணீர் ஆறுவதை அளக்க வைத்தேன். நடுவில் கரண்டு போனது. வகுப்பே வழக்கம்போல "ஓ" என்று கத்தியது. மறுநாள் சிஸ்டர் முன்னால் எல்லா மேசைகளின் எண்களையும் ஏற்றிக் கோடு போட்டால், திரையில் ஒரே கோடு. எல்லா மேசையின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படிந்துவிட்டது. விஷயம் இதுதான்: பிராக்டிகல் என்றால் எல்லோருக்கும் ஒரே விடை வரவேண்டும் என்பது எங்கள் பிள்ளைகளின் அசைக்க முடியாத நம்பிக்கை. தண்ணீர் ஆறுவதற்குள் வகுப்புத் தலைவியின் எண்கள் எல்லா மேசைக்கும் போய்விட்டன. அந்தப் புண்ணியவதியும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதியவள் இல்லை.

"இம்புட்டுப் பேரு அளந்தீங்க, ஒத்தக் கோடுதான் வருது?" என்றார் சிஸ்டர்.

அப்போது ஆத்தூரிலிருந்து வரும் ஜெசிந்தா மட்டும், தனியாக அளந்து எழுதிய தாளைக் கொடுக்காமல் மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் எண்கள் யாருடையதோடும் ஒத்துப்போகவில்லையாம், மார்க் போய்விடுமாம். வாங்கி ஏற்றினேன். இரண்டாவதாக ஒரு கோடு முளைத்தது. பாதிவரை மளமளவென்று இறங்கி, அப்புறம் வளைந்து, நகர மனமில்லாமல் ஊர்ந்தது.

"ஏன்டி இங்கன வளைஞ்சிருக்கு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அந்நேரந்தான் கரண்டு போச்சு சிஸ்டர். பேன் நின்னுருச்சு. பெறகு சூடு எறங்கவே மாட்டேன்னுருச்சு."

சிஸ்டர் திரையருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். வளைவின்மேல் விரலை வைத்துச் சிரித்தார். கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும், கேள்வித்தாளைக் கையால் எழுதிக்கொள்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

அந்த மானிட்டர் எப்போதோ பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. பள்ளியில் இப்போது இன்வெர்ட்டர் இருக்கிறதாம், பேன் நிற்பதே இல்லையாம். அண்ணன் மகளின் கோட்டை இன்னொரு தடவை பார்த்தேன். வழுவழுவென்று அழகாகத்தான் இறங்கியிருந்தது. ஆனால் ஒரு வகுப்பே "ஓ" என்று கத்திய இடத்தை அதில் எவ்வளவு தேடியும் காணவில்லை.