கண்டியில் என் மனைவி கற்றுத்தந்த சிங்களம்

இதை வாசிக்கும் ஐயா, அம்மா அவர்களுக்கு முதற்கண் என் வணக்கம்.

சென்ற ஆண்டு, பெரிய மழை ஓய்ந்து வெலிமடைப் பக்கத்து வயல்களில் உருளைக்கிழங்கு கிண்டத் தொடங்கியிருந்த காலத்தில், நானும் என் மனைவியும் கண்டி நகரத்துக்குச் சென்று அதே நாளில் திரும்பினோம். எங்கள் தோட்டம் பதுளைக்கும் வெலிமடைக்கும் இடையில் உள்ளது. மன்னர்கள் ஆண்ட அந்தப் பழைய தலைநகரத்தை அதுவரை நான் புத்தகங்களில் மட்டுமே கண்டிருந்தேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் சென்றவனல்லன். தோட்டத்து இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரத்தின் அருகே நின்று உழைத்து ஓய்வுபெற்றவன். கிடைத்ததையெல்லாம் வாசித்து, நானாகவே எழுதப் பழகியவன். என் நடையில் குற்றமிருப்பின் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நாங்கள் கண்டிக்குச் சென்றது ஊர் பார்ப்பதற்காக அன்று. என் மனைவிக்குப் பல மாதங்களாக வயிற்றில் வலி இருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் வயிற்றைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்டியிலுள்ள பெரிய வைத்தியரிடம் காட்டும்படி அனுப்பினார்கள். ஆனால் லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், யாரிடமும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கக்கூடாது என்று அவள் எனக்குக் கட்டளையிட்டிருந்தாள்.

"ட்ரிப் போறோம்னு சொல்லுங்க. அது போதும்."

பக்கத்து வீட்டுப் பெண் அதைக் கேட்டுச் சும்மா இருப்பாளா?

"என்னக்கா, இந்த வயசுல ஹனிமூனா?"

"ஆமாடி. அன்னைக்குத்தான் கூட்டிட்டுப் போகல. இன்னைக்காவது இந்த மனுசனுக்குப் புத்தி வந்துச்சே!"

இவ்விடத்தில் எங்கள் இருவரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். என் மனைவிக்கு எழுத்து தெரியாது. ஆனால் சிங்களம் நன்றாகப் பேசுவாள். மலையில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற பின், பல ஆண்டுகள் வெலிமடையில் சிங்களவர்களின் தோட்டங்களில் லீக்ஸுக்கும் கரட்டுக்கும் களை எடுக்கும் நாட்கூலி வேலைக்குப் போய் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டாள். நானோ வாழ்நாளெல்லாம் இஸ்டோருக்குள் தமிழர் நடுவிலேயே இருந்தவன். கடைத்தெருவில் காதில் விழுந்த சில சிங்களச் சொற்கள் எனக்கும் தெரியும். ஆனால் ஒரு மொழியைப் பிழையாகப் பேசுவதைவிடப் பேசாதிருப்பதே மரியாதை என்பது என் கொள்கை. வெளியூர் சென்றால் பேசுவதெல்லாம் அவள்தான். நான் பின்னால் நிற்பேன்.

அன்றும் அப்படித்தான் நின்றேன். வைத்தியர் இளைஞர், பண்பானவர். அவளை "அம்மே" என்று அழைத்து, சிங்களத்தில் நெடுநேரம் மெதுவாகப் பேசினார். அவள் இடையிடையே ஏதோ கேட்டாள். சந்தையில் கரட் விலை கேட்கும்போது அவளுக்கு எந்தக் குரலோ அதே குரல்தான். ஒருமுறை வைத்தியர் என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் ஏதோ வினவினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு எழுந்து கைகூப்பினாள், நானும் கூப்பினேன்.

வெளியே வந்ததும், "என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"வயித்துல புண்ணாம். மாத்திரை எழுதியிருக்காரு. இனி பதுளையிலயே காட்டச் சொல்லிட்டாரு. கத்தி வைக்கத் தேவையில்லையாம்."

அவள் சொன்னவற்றுள் கடைசி வாக்கியம் மட்டுமே உண்மைக்குச் சற்று அருகில் இருந்தது. கட்டி ஈரல்வரை பரவிவிட்டது, கத்தி வைத்தும் பயனில்லை, இனிச் செய்யக்கூடியது வலியைக் குறைப்பது மாத்திரமே என்பதே அந்த வைத்தியர் சொன்னது. இதை நான் அறிந்தது இரண்டு மாதங்களுக்குப் பின்னர். நான் ஏமாந்ததுபோல் இதை வாசிப்பவரும் ஏமாற வேண்டாம் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். அன்று கண்டியில் நான் ஒன்றும் அறியாமல் நடந்தேன். அவள் எல்லாம் அறிந்து என் பக்கத்தில் நடந்தாள்.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. வந்தது வந்தோம், ஊரப் பாத்துட்டுப் போவோம்" என்றாள். எங்கே போனாலும் வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடுபவள் அவள். நோய் பெரிதல்ல என்ற நிம்மதியில் பேசுகிறாள் என்று எண்ணி நானும் மகிழ்ந்தேன்.

ஏரிக்கரைக்கு நடந்தோம். நான் படித்ததையெல்லாம் கொட்டுவதற்கு அன்றுதான் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. இந்த ஏரியை வெட்டியவர் கண்டியின் கடைசி அரசர் என்றும், அவர் மதுரை நாயக்கர் வழிவந்தவர் என்றும் விளக்கினேன்.

"ராசாவா மம்பட்டி புடிச்சாரு?"

"வெட்டுவித்தார்."

"அப்படிச் சொல்லுங்க. வெட்டுனது நம்மள மாதிரி ஆளுகதான்."

அரண்மனைக் கட்டடத்துக்கு எதிரே, மரநிழலில் அமர்ந்தோம். வெள்ளைக்காரர்கள் அந்த அரசரைப் பிடித்துக் கப்பலேற்றி, வேலூர்க் கோட்டையில் சிறைவைத்த வரலாற்றைச் சொன்னேன்.

"பொண்டாட்டியும் கூடப் போனாளா?"

"ராணிமாரும் உடன் சென்றதாகப் படித்திருக்கிறேன்."

"அப்ப சரி. தனியா விட்டுட்டுப் போகல."

அக்கம்பக்கத்தில் கோயில்கள் இருந்தன. உள்ளே போகவேண்டும் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். கடைசிவரை கேட்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். இன்று வேறு காரணங்கள் தோன்றுகின்றன. அவற்றை எழுத மனம் ஒப்பவில்லை.

எழுந்து நடக்கும்போது அவள் புதிதாக ஒன்றைத் தொடங்கினாள்.

"இவ்வளவு நேரம் நீங்க வாத்தியாரு. இனி நான்தான் வாத்தியாரு. கண்டிய விட்டுப் போறவரைக்கும் நான் வாயத் தொறக்கமாட்டேன். எல்லாம் நீங்கதான் பேசணும்."

"எனக்கு எப்படி வரும்?"

"சரித்திரமெல்லாம் வருது, ஒரு பிளேன்டி கேக்க வராதா? பிழையாப் பேசுனா யாரும் கழுத்த வெட்டமாட்டாங்க. உங்க ராசாதான் போயிட்டாரே!"

ஒரு தேநீர்க்கடை வாசலில் என்னை நிறுத்தி, "பிளேன்டி தெகக் தென்ன" என்று மூன்றுமுறை சொல்லவைத்தாள். இரண்டு பிளேன்டி, அதாவது பால் சேர்க்காத தேநீர், தாருங்கள் என்று அதற்குப் பொருள். பள்ளிப் பிள்ளையைப்போல் மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போய், தொண்டையைச் செருமி, அதைச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு பிளேன்டியா ஐயா? சீனி போட்டா, போடாமலா? ஒக்காருங்களேன்."

அவர் தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரி. என் மனைவிக்கு அடக்கமுடியாத சிரிப்பு. மேசையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளுடைய கை வயிற்றை விட்டு நெடுநேரம் அகலவில்லை. சிரிப்பின் மிகுதி என்று நான் நினைத்தேன்.

ஆனாலும் அவள் என்னை விட்டபாடில்லை. வழி கேட்க வைத்தாள். பழம் வாங்க வைத்தாள். பேருந்தில் நடத்துநரிடம் நானே சீட்டு வாங்கினேன். அவர் என் சிங்களத்தைக் கேட்டுப் புன்னகைத்தார்; ஆனால் புரிந்துகொண்டார். எழுபது வயதில் அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

நுவரெலியா மலையேற்றத்தில் பேருந்து திணறிக்கொண்டிருந்தபோது, இன்னொரு வாக்கியம் கற்றுக்கொடுத்தாள். "மட்ட மெத்தன ரிதெனவா." எனக்கு இந்த இடத்தில் வலிக்கிறது என்று பொருள்.

"இது எதற்கு?"

"வயசாகுதுல்ல? நாளைக்கு ஆஸ்பத்திரியில எங்க வலிக்குதுன்னு சிங்கள டாக்டர்கிட்ட யாரு சொல்றது?"

"நீதான் சொல்வாய்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னர், "சொல்லிப் பாருங்க. முழங்கால்ல கை வச்சுச் சொல்லுங்க. இப்ப நெஞ்சுல" என்றாள். நான் நெஞ்சில் கைவைத்துச் சொன்னதும் முன் இருக்கையிலிருந்த சிங்களப் பெண்மணி பதறித் திரும்பி, தம் பையிலிருந்த தைலப் போத்தலை என்னிடம் நீட்டிவிட்டார். என் மனைவி அவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நான் வெட்கத்தோடு தைலத்தை நெஞ்சில் பூசிக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறாள். ஒப்பந்தம் முடியாமல் அவளால் வர இயலாது. என் மனைவி போய்விட்டால் அந்த வீட்டில் நான் ஒருவனே மிஞ்சுவேன். அன்று பகல் முழுதும் அவள் கணக்கிட்டது அதைத்தான் என்பது இன்று எனக்கு விளங்குகிறது. தனக்கு இருந்த அந்த ஒரு நல்ல நாளையும் எனக்குப் பாடம் நடத்தியே செலவழித்துவிட்டாள்.

இரண்டு மாதங்களில் அவள் உடல் உருகிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டிலிருந்த பெண் வைத்தியர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். நான் அவரிடம், புண் எப்போது ஆறும் என்று கேட்டேன். அவர் என்னை வார்டுக்கு வெளியே அழைத்துச் சென்றார்.

"ஐயா, கண்டியில சொன்னதை உங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லையோ?"

"புண் என்றுதான் சொன்னார்கள்."

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும், ஐயா. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு என்னைக் கேட்டவ. ஆனா நீங்கள் இப்பிடி வந்து கேக்கேக்க நான் பொய் சொல்லேலாது."

பின்னர் அவர் உள்ளதைச் சொன்னார். நான் நன்றி கூறினேன் என்று நினைக்கிறேன். அன்று வார்டுக்குள் திரும்பிப் போகாமலே பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, மறுநாள் அவளிடம் என்ன பேசவேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக அமைத்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது, இனி நீ தனியாகச் சுமக்காதே என்று தொடங்க நினைத்தேன். அவளுக்கு நன்றி சொல்லவும் சில வாக்கியங்கள் வைத்திருந்தேன். வாழ்க்கையில் ஒருமுறையும் சொல்லாதவை அவை.

மறுநாள் நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் கையில் தோடம்பழத்தோடு போனேன். அவள் தாதியோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! ஆனால் கண்டிக்குச் சென்றுவந்த பின் இரண்டு மாதமும் நான் கடையிலும் பேருந்திலும் விடாமல் பேசிப் பழகியிருந்தேன். அவளை வியக்கவைக்க வேண்டும் என்பதற்காக அதை அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

விடிய விடிய வலி பொறுக்கமுடியவில்லை என்றாள். எப்படியாவது முடிந்துவிட்டால் போதும் என்றாள். ஊசியை இப்போது போடவேண்டாம், போட்டால் தூங்கிவிடுவேன், என் வீட்டுக்காரர் போனபிறகு போடுங்கள் என்றாள். அவரிடம் ஒன்றும் "கியன்ன எப்பா", சொல்லவே வேண்டாம் என்றாள். தாதி என்னைத் தயங்கிப் பார்த்தார். அதற்கு என் மனைவி, அவருக்குச் சிங்களம் விளங்காது, பயப்படாதீர்கள் என்றாள்.

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

நான் கட்டிலருகே அமர்ந்து தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினேன்.

"சாப்பிட்டீங்களா?" என்று தமிழில் கேட்டாள்.

"சாப்பிட்டேன். ராத்திரி தூங்கினாயா?"

"நல்லாத் தூங்குனேன்."

"நல்லது" என்றேன்.

அமைத்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்துவந்தது அந்த ஒரு பொய்யைத்தான். அதையும் நான் பிடுங்கிவிட்டால் அவளிடம் வேறென்ன மிஞ்சும் என்று தோன்றியது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே எழுந்தேன். ஊசி போடட்டும் என்பதற்காக. ஏன் அவசரம் என்று அவள் கேட்டாள். பஸ் போய்விடும் என்றேன். அதே வாரத்தில் அவள் இறந்தாள். நான் வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவள் உன்னை நோகவிடவில்லை, நீ அவளை நோகவிடவில்லை, அது பெரிய காரியம் என்று விஷயம் தெரிந்தவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின்கீழ் இருந்த இருவர், ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணிக் கடைசி நாட்களில் அந்நியரைப்போல் நலம் விசாரித்துப் பிரிந்தோம். வலிக்கிறது என்று அவள் என்னிடம் சொல்லி அழவில்லை. அழாதே என்று நான் அவள் கையைப் பிடிக்கவுமில்லை. நான் செய்தது சரியா, பிழையா என்று கேட்க எனக்கு இருந்த ஒரே ஆளும் அவள்தான்.

எங்கள் மகள் ஒருநாள் திரும்பி வந்து, அம்மா எப்படிப் போனாள் என்று கேட்பாள். அப்போது அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது. நானே இருப்பேனோ என்பதும் தெரியாது. ஆகையால் ஐயா, அம்மா, நான் எழுதிய இதை எறிந்துவிடாமல் எங்கேனும் ஓரிடத்தில் வைத்திருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.