தனியாக வந்தவரின் பாட்டு

குற்றாலத்தில் நான் வேலை பார்த்த லாட்ஜில் தனியாக வருகிறவர்களுக்கு அறை கொடுக்க மாட்டார்கள். உயிரை விடத்தான் வந்திருப்பார்களோ என்று பயம். சீசன் முடிந்து அறைகள் காலியாகக் கிடந்ததால், அப்படித் தனியாக வந்த ஒருவருக்கு மட்டும் மேனேஜர் கொடுத்தார். "ஏலே, அந்தாளு மேல ஒரு கண்ணு வச்சுக்கோ" என்றார் என்னிடம்.

ஒல்லியான மனிதர், நரைத்த கிருதா. குட்டி கிட்டார் மாதிரி, யுகுலேலே என்ற நாலு தந்தி வாத்தியம் வைத்திருந்தார். டேப்ரிக்கார்டரில் பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு ஒன்றைப் போட்டுப் போட்டு, அதையே வாசித்துப் பழகுவார். ஓரிடத்தில் விரல் தடுமாறும். உடனே முதலிலிருந்து தொடங்குவார்.

ஒருநாள் காபி கொண்டுபோனபோது, "இந்த ஒரு பாட்டு வந்துட்டா போதும்வே. அப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார். மேனேஜர் சொன்னது ஞாபகம் வந்தது. அதன்பிறகு அவர் தப்பாக வாசிக்கும்போதெல்லாம் நிம்மதியாக இருந்தது.

ஒரு மத்தியானம் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசித்த பாட்டு, விரல் தடுமாறும் அந்த இடத்தைத் தாண்டிக் கடைசிவரை போய் முடிந்தது. பிறகு சத்தமே இல்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தார். "கேட்டீரா? வந்துட்டுவே!"

யாரிடமும் அதிகம் பேசாத நான், "சார், இன்னொரு பாட்டு பழகுங்க சார்" என்றேன், கெஞ்சுகிற குரலில்.

என்னையே பார்த்தார். "அதுக்கு வேற கேசட் வேணும்லா. வீட்லதான் கெடக்கு."

"அப்ப வீட்டுக்குப் போங்க சார்."

சாயங்காலம் தென்காசி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "ரொம்பப் பயந்துட்டீரோ?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"நானுந்தான்வே" என்றார்.