குடிச்சேன் சார்

வில்லியனூர் கடைத்தெருவைத் தாண்டும்போதெல்லாம் மச்சானின் பழைய காய்கறி வேனும், பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்து போன மத்தியானங்களும் நினைவுக்கு வரும். மச்சான் என் மனைவியின் தம்பி. அந்த வேன்தான் அவன் பிழைப்பு.

ஒருநாள் வயிற்று உப்புசத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் அரிஷ்டம் வாங்கி, வண்டியில் உட்கார்ந்தே ஒரு மூடி குடித்தான். தெருமுனையில் போலீஸ் நிறுத்தியது.

"குடிச்சியா?"

"குடிச்சேன் சார், இப்பதான்."

ஊதச் சொன்னார்கள். கருவி வரம்பைத் தாண்டிக் காட்டியது. லைசென்சை வாங்கிக்கொண்டார்கள். அதை ஏன் முடக்கக் கூடாது என்று போக்குவரத்து அலுவலகம் விளக்கம் கேட்டது.

விசாரணைக்கு அவனுடன் நானும் போனேன். அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது, அதிலேயே ஆல்கஹால் உண்டு, குடித்த கையோடு ஊதினால் வாயில் மிச்சமிருப்பதையும் கருவி சேர்த்துக் காட்டும் என்றேன். வாய் கொப்பளிக்கவைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்று வந்திருந்த போலீஸ்காரரே ஒப்புக்கொண்டார்.

"இன்னாபா, மருந்துன்னு அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அதிகாரி.

"குடிச்சியான்னு கேட்டாங்க, குடிச்சேன்னேன். இன்னா குடிச்சேன்னு யாரும் கேக்கலியே சார்."

அதிகாரி சிரித்துவிட்டார். லைசென்ஸ் கைக்கு வந்தது.

வேனை விற்றுவிட்டு மச்சான் இப்போது சென்னையில் மகனோடு இருக்கிறான். போனில் "டீ குடிச்சியாடா?" என்று கேட்டால் இன்றும் பதறுவான்.

"சாப்டியான்னு கேளு மாமா!"