பெயரில்லாத பாட்டில்

எடப்புளி நாடு என்ற மலைக்கிராமத்தில் நான் வேதியியல் ஆசிரியராக இருந்த பள்ளியில் கழிவறை கழுவ ஓர் அம்மா வருவார். ஒல்லியான உருவம். எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் திறப்பார்.

ஒருநாள் கண்கள் சிவக்க, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார். உள்ளே குளோரின் நெடி. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்.

"ரெண்டையும் கலந்தா விஷவாயு வரும்மா! பாட்டில்ல எழுதியிருக்கிறதைப் படிக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

அவர் கையிலிருந்த ஆசிட் பாட்டிலை என்னிடம் நீட்டினார். ஏதோ பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"எனக்குப் படிக்கத் தெரியுமுங்க சார். எழுதிக் குடுத்தாத்தானுங்க படிக்க முடியும்? கறை போகோணும்னா ரெண்டையும் கலந்து ஊத்துன்னு சொன்னதே உங்க ஆபீஸ்லதானுங்க."

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய், அந்தப் பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

"பேரு போட்ட பாட்டில் வந்தாத்தானுங்க இனி உள்ள போவேன்."

இரண்டு நாள் கழிவறை பூட்டியே கிடந்தது. மூன்றாம் நாள் பெயர் ஒட்டிய பாட்டில்கள் வந்தன.

அமிலத்தையும் காரத்தையும் பற்றிப் பத்து வருடமாகப் பாடம் நடத்தியவன் நான். தினமும் அவற்றைக் கையில் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரைப் பார்த்துக் கத்த மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது, என்மேல்தான்.