இடது ஷூவுக்குள் கிளிப்

மேல்வாயில் பதிமூன்று, கீழ்வாயில் பதினாலு. தென்காசியில் பல் டாக்டரம்மா எண்ணுவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். முன்கூட்டிச் சொல்லி வைத்தால் ஒன்றும் குறையாது.

அந்தம்மா அச்செடுத்து, மேலுக்கும் கீழுக்கும் பிளாஸ்டிக் கிளிப் செய்து கொடுத்தார். மாட்டிக்கொண்டு படுத்தால் கீழ்த்தாடை சற்று முன்னால் நிற்குமாம், தொண்டை அடைக்காதாம்.

"தூக்கத்துல மூச்சு முட்டினா ஒடம்பு பதறும் சார். அந்தப் பதற்றத்துல பழைய கனவு இன்னும் மோசமாகலாம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். மனநல டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்திராதீங்க."

ராணுவத்தில் பனிமேட்டுக் காவலில் நான் பார்த்ததற்கும் என் தாடைக்கும் என்ன சம்பந்தம் என்று பிடிபடவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். காரணம், என் மனைவியின் மணிக்கட்டு. கனவில் யாரையோ தடுப்பதாக நினைத்து வீசிய கை அவள்மேல் பட்டு, மூன்று கண்ணாடி வளையல் உடைந்து கீறிவிட்டது. அன்றிலிருந்து அவள் முன்னறையில் படுக்கிறாள். கிளிப் வேலை செய்தால் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தாள்.

குற்றாலத்து வீட்டுக்கு வந்து அதைக் காட்டியதும் சிரித்தாள். "பல்லுக்கு லாடம் அடிச்சுல்லா அனுப்பிருக்காவ!"

முதல் நாள் காலை வாயில் கிளிப் இல்லை. தலையணை, போர்வை, கட்டிலடி எல்லாம் தேடினேன். அருவிப் பக்கம் நடந்துவிட்டு வரலாம் என்று கேன்வாஸ் ஷூவின் லேஸை அவிழ்த்துக் கால் விட்டால், இடது ஷூவுக்குள் கைக்குட்டையில் சுருட்டி இருந்தது. மறுநாளும் அங்கேயே. எலி கைக்குட்டையில் சுருட்டாது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். என்னைக் கழித்தால் மிச்சம் ஒருத்தி. சாரல் காலத்தில்கூட முன்னறையில்தான் காற்று வருகிறது என்கிறாளே, அங்கேயே சுகம் கண்டுவிட்டாளோ?

அன்று அறை வாசலில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு கறுப்பு நூலை இழுத்துக் கட்டினேன். ஜன்னல் கொக்கி இரண்டையும் சரிபார்த்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் காபியோடு வந்தவள் நூலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"இது எலிக்கா, எனக்கா?"

நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தேன். அன்றும் வாயில் கிளிப் இல்லை.

"நான் வந்து ஒங்க வாய்க்குள்ள கையை விடுதேன்னு நெனைக்கியளோ? கடிச்சு வச்சிருவியன்னு பயந்துதான இங்கன வந்து படுக்கேன்."

நூல் அறுபடவில்லை. ஷூவைத் தூக்கினேன். அப்போதுதான் லேஸைக் கவனித்தேன். இரண்டு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் முடிச்சு. காவலுக்கு நிற்பவன் வாயில் மிட்டாய்கூட இருக்கக் கூடாது; குரல் கொடுக்க வாய் காலியாக இருக்க வேண்டும். கூடாரத்து இருட்டில் கைக்கு எட்ட வேண்டியதை இடது பூட்சுக்குள் வைத்து இப்படித்தான் முடிச்சுப் போடுவோம். இரண்டு நாளும் இந்த முடிச்சை அவிழ்த்தவன் நான்தான்.

"நான்தான் எடுத்து வச்சிருக்கேன் போலிருக்கு," என்றேன்.

"போலிருக்காம்லா!"

நூலைக் காலால் அறுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். காபியை வைத்துவிட்டு, ஷூ இரண்டையும் கொண்டுபோய் முன்னறை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி எங்கே என்று சொல்லவில்லை.

மறுநாள் கிளிப் வாயிலேயே இருந்தது. தாடை வலித்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. அன்று மாலை அவள் பாயைக் கொண்டுவந்து என் அறையில் விரித்தாள். அவள் குளிக்கப் போன நேரம் கட்டில் விளிம்பிலிருந்து அளந்து பார்த்தேன். என் கை நீளத்துக்கு மேல் ஒரு சாண் தள்ளி இருந்தது.

அவளும் அளந்திருக்கிறாள்.